துடிப்பை மணிக்கூடு எண்ணும். காரணத்தை யார் கேட்பது?

கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் மாதர் சங்கக் கூட்டம். சேமிப்புப் பணத்தை எண்ணி முடித்துத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த நேரம், ஒரு அக்கா தன் கையை என் முன்னால் நீட்டினார். சுவிசில் இருக்கும் மகள் அனுப்பிய கறுப்பு நிறக் கைமணிக்கூடு. நேரத்தின் கீழே சிறிய இதயப் படமும் அதன் அருகே 72 என்ற எண்ணும் தெரிந்தன.

"தங்கச்சி, இது என்ர நெஞ்சு அடிக்கிறதையும் எண்ணுதாம். கிணத்தடியில தண்ணி அள்ளேக்க பாத்தன், 118 எண்டு காட்டினது. பயந்துபோய்க் கழட்டி வைச்சிட்டன். உங்களிட்டைக் கேப்பமெண்டுதான் இண்டைக்குக் கட்டிக்கொண்டு வந்தனான். எனக்கு ஏதும் வருத்தமோ?"

இந்தக் கேள்வியை அதன் பிறகு வேறு பல வீடுகளிலும் கேட்டுவிட்டேன். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளும் சகோதரர்களும் அம்மாவின் உடல்நலத்தை எண்ணி இப்படியான மணிக்கூடுகளை அனுப்புகிறார்கள். எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுக்கத்தான் அருகில் ஆள் இல்லை. என் அண்ணன் அனுப்பிய ஒன்றை நானும் கட்டியிருக்கிறேன். நான் வைத்தியர் அல்ல. படித்தும் வைத்தியர்களிடமும் தாதியர்களிடமும் கேட்டும் அறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மணிக்கூடு எப்படி எண்ணுகிறது?

மணிக்கூட்டைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பச்சை வெளிச்சம் மின்னும். குருதி பச்சை ஒளியை உறிஞ்சும் தன்மை கொண்டது. இதயம் ஒரு தடவை துடிக்கும்போது மணிக்கட்டுக்கு வரும் குருதி சற்றுக் கூடும். அந்த வேளையில் திரும்பிவரும் ஒளி குறையும். இந்தக் கூடுதலையும் குறைவையும் எண்ணித்தான் நிமிடத்துக்கு இத்தனை என்று அது காட்டுகிறது.

1940களின் இறுதியில் அமெரிக்காவில் நோர்மன் ஹோல்டர் என்பவர், நடமாடும் மனிதனின் இதயத்துடிப்பைப் பதிய முதன்முதலில் பயன்படுத்திய கருவி ஏறக்குறைய 38 கிலோ எடையுள்ளது. அதை மூட்டைபோல முதுகில் சுமக்க வேண்டியிருந்தது. 1982 இல் பின்லாந்தின் போலார் நிறுவனம் நெஞ்சுப்பட்டியோடு சேர்ந்த கைக்கருவியை விளையாட்டு வீரர்களுக்காக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த வசதிதான் இன்று எங்கள் கிணற்றடிக்கும் வந்திருக்கிறது.

ஆனால் அது பிழை விடும். பட்டி தளர்ந்திருந்தால், கை குளிர்ந்திருந்தால், கையை வேகமாக ஆட்டி வேலை செய்தால் எண் மாறிக் காட்டும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 53 பேரை வைத்துச் செய்யப்பட்டு 2020 இல் வெளிவந்த ஆய்வில், ஓய்வாக இருக்கும்போது உள்ள பிழையைவிட உடல் அசையும்போது உள்ள பிழை சராசரியாக 30 சதவீதம் கூடியிருந்தது. கறுத்த தோலில் இது சரியாக எண்ணுமா என்று பலர் கேட்கிறார்கள். அந்த ஆய்வில் தோல் நிறத்தால் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. கருவிக்குக் கருவிதான் வேறுபாடு இருந்தது.

எது சாதாரணம்?

வளர்ந்த ஒருவர் ஓய்வாக இருக்கையில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருப்பது வழமை. வேலை செய்யும்போது தசைகளுக்குக் கூடுதல் குருதி வேண்டும். இதயம் வேகமாக அடித்து அதைக் கொடுக்கிறது. எவ்வளவு ஏறலாம் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. 220 இலிருந்து வயதைக் கழியுங்கள். வருவது உங்கள் உச்ச எல்லை. அதில் பாதியிலிருந்து 70 சதவீதம் வரை மிதமான வேலைக்குரிய அளவு.

அந்த அக்காவுக்கு 52 வயது. உச்ச எல்லை 168. மிதமான வேலைக்கு 84 முதல் 118 வரை. "அக்கா, நீங்கள் வாளியால் தண்ணீர் அள்ளியிருக்கிறீர்கள். இதயம் தன் வேலையைச் செய்திருக்கிறது" என்றேன். அவர் முகம் தெளிந்தது.

ஒரு நாள் முழுவதும் என் கையையும் பார்த்தேன். காலையில் பாயில் படுத்திருக்கும்போது 66. முற்றம் கூட்டும்போது 94. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கும்போது 131. பெரிய உடற்பயிற்சி என்று நாம் நினைக்காத வீட்டுவேலைகள்கூட உழைப்புத்தான். "சும்மா வீட்டில இருக்கிறன்" என்று சொல்லும் எந்தப் பெண்ணின் கையிலும் இந்த மணிக்கூட்டைக் கட்டிப் பார்க்கலாம்.

இருந்த இடத்தில் ஏறிய எண்

அன்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கோயிலில் திருவிழா வெடி ஒன்று வெடித்தது. கதைத்துக்கொண்டிருந்த எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்தினோம். அக்கா கையை நெஞ்சில் வைத்தார். மணிக்கூட்டில் 109. சில நிமிடங்கள் கழித்தும் 90க்குக் கீழே இறங்கவில்லை.

"பாத்தீங்களோ, தண்ணி அள்ளாமலே ஏறினது" என்றார்.

அவருடைய மகன் 2009 இல் காணாமல் போனவர். அந்த மே மாதத்தைக் கடந்து வந்த யாருக்கும் அந்த 109க்கு விளக்கம் தேவையில்லை. மணிக்கூட்டுக்கு மட்டும் கிணற்றடியும் வெடிச்சத்தமும் ஒன்றுதான்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865 இல் முடிந்தது. அந்தப் போரில் படபடப்பு, மூச்சுமுட்டு, களைப்பு என்று வந்த சிப்பாய்களைப் பரிசோதித்த வைத்தியர் ஜேக்கப் டா கொஸ்டா, 1871 இல் அதுபற்றி எழுதினார். 'எளிதில் கிளர்ச்சியுறும் இதயம்' என்று அதற்குப் பெயரிட்டார். பின்னர் அது 'சிப்பாயின் இதயம்' என்றும் அழைக்கப்பட்டது. 2001 இல் வெளிவந்த ஒரு மீளாய்வு, முந்தைய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, மனவடுவின் பின்னான நோய் உள்ளவர்களுக்கு ஓய்விலும் இதயத்துடிப்பு ஓரளவு கூடியிருப்பதாகக் காட்டியது. சமூகவியல் படித்தவள் என்ற முறையில் எனக்கு இங்கே ஒன்று உறைக்கிறது. போருக்குப் போனவனின் இதயத்துக்கு அன்றே ஒரு பெயர் கிடைத்தது. பதுங்குகுழிக்குள் பிள்ளையை அணைத்துக்கொண்டிருந்தவளின் இதயத்தை யாரும் எண்ணவில்லை.

நான் செய்த பிழை

ஆனால் எல்லாவற்றையும் போரின் மேல் போட்டுவிடவும் கூடாது. இதை நான் ஒரு பிழை செய்துதான் படித்தேன்.

சில வருடங்களுக்கு முன்னர், கணவரை இழந்து மூன்று பிள்ளைகளை வளர்க்கும் ஒரு பெண் என்னிடம் வந்தார். "நெஞ்சு பதகளிக்குது, கொஞ்சத் தூரம் நடந்தாலே மூச்சு வாங்குது" என்றார். அவர் கதையை நான் அறிவேன். "யோசனை கூடிப்போச்சு" என்று எண்ணி உளவளத்துணைக்கு அனுப்பினேன். என் கோப்பிலும் அப்படியே எழுதினேன். பல மாதங்களின் பின் ஒரு நடமாடும் கிளினிக்கில் தாதி ஒருவர் அவருடைய கண் இமையை இழுத்துப் பார்த்தார், வெளிறியிருந்தது. நாடி, உட்கார்ந்திருக்கும்போதே 104. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது 12க்குக் குறைந்தாலே குருதிச்சோகை. மாதவிடாயில் அளவுக்கு மிஞ்சி இரத்தம் போவதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நானும் கேட்டிருக்கவில்லை.

சிகிச்சை தொடங்கிச் சில மாதங்களில் நாடி 80 அளவுக்கு இறங்கியது. அவருடைய துக்கம் உண்மை. அவருடைய குருதிச்சோகையும் உண்மை. ஒன்றைப் பார்த்து மற்றதை நான் மறந்துபோனேன்.

ஓய்வில் துடிப்பு கூடுவதற்குக் காய்ச்சல், தண்ணீர் குடிக்காமை, வலி, கர்ப்பம், தைரொயிட் கோளாறு, சில மருந்துகள், கடுந்தேநீர், பயம் எனப் பல காரணங்கள் உண்டு. மறுபுறம், பிரஷருக்குக் கொடுக்கப்படும் அதெனலோல் போன்ற மாத்திரைகள் துடிப்பைக் குறைக்கும். எண் குறைவாக இருக்கிறதென்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவேண்டாம்.

மணிக்கூடு "துடிப்பு ஒழுங்கில்லை" என்று எச்சரித்தாலும் அது தீர்ப்பல்ல. 2019 இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்பிள் மணிக்கூடு கட்டியிருந்தார்கள். எச்சரிக்கை கிடைத்து, பின்னர் நெஞ்சில் பதிவுக்கருவி ஒட்டிப் பரிசோதிக்கப்பட்ட 450 பேரில் 34 சதவீதத்தினரிடமே அந்த ஒழுங்கற்ற துடிப்பு அப்போது பதிவானது. அது விட்டுவிட்டு வரக்கூடியது என்பதால் எச்சரிக்கையை அலட்சியம் செய்யவும் கூடாது. வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பதே சரி.

மணிக்கூடு இல்லாதவர்களுக்கு

இரண்டு விரல்கள் போதும். ஐந்து நிமிடம் அமைதியாக இருங்கள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மற்றக் கையின் பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மெதுவாக வையுங்கள். பெருவிரலால் பார்க்கவேண்டாம், அதற்கே ஒரு துடிப்பு உண்டு. சுவர் மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள்.

பயத்தால் படபடக்கும்போது மூச்சை மெதுவாக உள்ளே எடுத்து, அதைவிடக் கூடுதல் நேரம் எடுத்து வெளியே விடுங்கள். மூச்சை விடும்போது இதயம் இயல்பாகவே சற்று மெதுவாகும். சில நிமிடங்கள் இப்படிச் செய்தால் எண் இறங்குவதை நீங்களே காணலாம்.

ஓய்வில் பல நாட்கள் 100க்கு மேல் இருந்தால், துடிப்பு விட்டுவிட்டு அடித்தால், 50க்குக் கீழே போய்த் தலைச்சுற்று வந்தால் கிளினிக்குக்குப் போங்கள். நெஞ்சு நோ, கைக்கோ தாடைக்கோ பரவும் நோ, திடீர் மூச்சுமுட்டு, குளிர்ந்த வியர்வை, மயக்கம் வந்தால் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பெண்களுக்கு மாரடைப்பு சிலவேளை குமட்டலாகவும் கடும் களைப்பாகவும் வரும். உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். 2018 முதல் வடக்கிலும் இயங்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமானது.

இன்னொன்று. இந்த மணிக்கூடுகள் கைத்தொலைபேசியோடு இணைந்தவை. சிலவற்றில் நீங்கள் போன வழியும் பதிவாகும். அது வேண்டாமென்றால் இடம் காட்டும் வசதியை நிறுத்திவிடும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது நிரல்

அக்காவிடம் ஒரு கொப்பியில் இரண்டு நிரல்கள் போடச் சொன்னேன். ஒன்றில் எண், மற்றதில் அப்போது செய்துகொண்டிருந்த வேலை. வைத்தியரிடம் காட்ட உதவும் என்றேன். அடுத்த மாதம் கொப்பியோடு வந்தார். தானாகவே மூன்றாவது நிரல் ஒன்றும் போட்டிருந்தார்: "என்ன நினைச்சன்".

"118, தண்ணி அள்ளினது, ஒண்டும் நினைக்கேல்லை." "88, ஆட்டுக்குக் குழை வெட்டினது, விலை." "101, சும்மா இருந்தனான், மகன்."

அந்தக் கொப்பியோடு இருவரும் கிளினிக்குக்குப் போனோம். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் பார்த்தார்கள். இரண்டிலும் குறை இல்லை. வைத்தியர் மூன்றாவது நிரலையும் வாசித்துவிட்டு, நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு, "மகனைப் பற்றிச் சொல்லுங்கோ அம்மா" என்றார்.

அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது நீங்களும் அப்படி ஒரு கொப்பியைக் கொண்டுபோங்கள். உங்களிடம் காரணம் கேட்காமல் "யோசனை" என்று யாராவது சொல்லி அனுப்பினால், என்னைப் போன்ற ஒரு சமூகப் பணியாளராக இருந்தாலும், எழும்பி வராமல் இன்னொரு தடவை சொல்லுங்கள்.