பிறந்த ஆண்டின் இரசம்

யாழ்ப்பாணத்தார் முந்திரிகைப்பழம் என்று வழங்குவதனையே தமிழகத்தார் திராட்சை என்பர். அப்பழத்தின் சாற்றைப் புளிக்கவைத்துப் பெறும் வைன், பனங்கள்ளைப்போல் அன்றாடம் இறக்கி அன்றாடம் அருந்தும் பொருளன்று. போத்தலில் அடைத்துப் பல்லாண்டு கிடத்தி, ஒருவர் பிறந்த ஆண்டிலே உண்டான வைனை அவருடைய பிறந்தநாளில் திறந்து சுவைக்கும் வழக்கம் மேலைநாடுகளில் உண்டு. இங்கிலாந்துச் செல்வர் சிலர் தம் ஞானப்பிள்ளை பிறந்ததும் ஒரு பெரும் பீப்பாய் அளவு போர்ட் வைனை வாங்கி நிலவறையில் வைத்துவிடுவர். பிள்ளைக்கு 21 வயது நிரம்பும்போது வைனும் பருவம் எய்தியிருக்கும்.

இவ்வழக்கத்தை நல்லூரில் ஒரு வீட்டு முற்றத்திலே காணும் வாய்ப்பு 2023 ஆம் ஆண்டு ஆவணியில் எனக்குக் கிடைத்தது. நண்பர் 1963 இல், சோபகிருது ஆண்டிற் பிறந்தவர். அறுபதாண்டுச் சுற்று முடிந்து அதே பெயருடைய ஆண்டு மீண்டும் வந்திருந்தது. மணிவிழாச் சடங்குகள் முறைப்படி நிறைவேறின. இரண்டு நாள் கழித்து, உறவினர் பெரும்பாலோர் கலைந்த பின்னர், இலண்டனிலிருந்து வந்திருந்த மகள் இரண்டு போத்தல்களைக் கொணர்ந்து வைத்தாள். இரண்டும் 1963 ஆம் ஆண்டினவே. ஒன்று பிரான்சின் போர்தோப் பகுதிச் செவ்வைன். மற்றது போர்த்துக்கலின் தூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கிலே விளைந்த போர்ட்.

நண்பரின் தமக்கையார் தூரத்தே இருந்தபடி, "அறுபது வருசம் கிடந்தது பழுதாய்ப் போயிராதோ, தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

பனைநாட்டிற் பிறந்தவர் கேட்கவேண்டிய கேள்விதான் அது. பாளையிலிருந்து துளி முட்டியில் விழும் கணத்திலேயே நொதித்தல் தொடங்கிவிடுகின்றது. முட்டியிற் சுண்ணாம்பு தடவினால் அது தடைப்பட்டுக் கருப்பநீராகும், தடவாவிடிற் கள்ளாகும். மாலையிற் புளிக்கும், மேலும் வைத்திருந்தால் காற்றோடு கூடிய நுண்ணுயிர்கள் அதன் மதுசாரத்தைக் காடியாக மாற்றிவிடும். ஆதலின் கள்ளுக்கு நாள் உண்டேயன்றி ஆண்டு இல்லை. ஆயினும் முதிரவைக்கும் கலையை நம் முன்னோர் அறியாதிருந்தாரல்லர். நீண்ட மூங்கிற் குழாயில் விளையவைத்த தேறலைத் திருமுருகாற்றுப்படை கூறுகின்றது. யவனர் கலங்களில் வந்த நறுமதுவைப் புறநானூறு கூறுகின்றது. 1945 இல் அரிக்கமேட்டை அகழ்ந்த வீலர், அத்தகைய மதுச்சாடிகளின் ஓடுகளையே கண்டெடுத்தார்.

வைன் ஏன் பொறுத்திருக்கின்றது? கள்ளிலும் பார்க்க இருமடங்குக்கு மேற்பட்ட மதுசாரமும் பழத்தின் இயற்கைப் புளிப்பும் அதனைக் காக்கின்றன. தக்கை காற்றைப் பெரிதும் தடுக்கின்றது. இவற்றினும் சிறப்பானது துவர்ப்பு. பாக்கை மெல்லும்போது நாவைப் பிடிக்கும் அதே தன்மையுடைய பொருள் முந்திரிகையின் தோலிலும் விதையிலும் இருக்கின்றது. இளமையில் அது முரடாயிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லத் துவர்ப்பொருளும் நிறப்பொருளும் ஒன்றோடொன்று பிணைந்து கனத்து, மண்டியாகப் படிந்துவிடுகின்றன. மேலே நிற்பது மென்மையுறுகின்றது. செந்நிறம் மங்கிச் செங்கல் நிறமாகின்றது. எல்லா வைனும் இவ்வாறு முதிரும் என்று எண்ணுதல் தவறு. பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் அருந்தற்குரியன. அதற்குமேல் வைத்திருப்போர் காடியையோ வெறும் நீரையோதான் பெறுவர்.

ஆண்டின் குணமும் உண்டு. 1963 இல் போர்தோவில் மழை மிகுந்து பழங்கள் அழுகின. அவ்வாண்டு வைன் அங்கே மிகத் தாழ்ந்தது. அதே 1963 தூரோவிலோ அந்நூற்றாண்டின் சிறந்த ஆண்டுகளுள் ஒன்றாயிற்று. மேலும் போர்ட், நொதித்தல் பாதி வழியில் இருக்கும்போதே முந்திரிகைச் சாராயம் சேர்த்து நிறுத்தப்படுவது. இனிப்பு எஞ்சிநிற்க, மதுசாரம் நூற்றுக்கு 20 பங்களவாக உயர்கின்றது. அத்தகைய கலவையிற் கெடுக்கும் உயிர்கள் வாழ்தல் அரிது.

நம் நாட்டிலும் இக்கைத்தொழில் இல்லாமற் போகவில்லை. தோலகட்டியில் தோமஸ் அடிகளார் 1928 இல் நிறுவிய செபமாலைதாசர் மடத்தினர் முந்திரிகை இரசம் செய்து பெயர் பெற்றவர்கள். எனினும் பனிக்காலம் அறியாத நம் மண்ணிற் கொடியை வெட்டிவிடும்போதெல்லாம் அது தளிர்த்துக் காய்க்கின்றது. ஓராண்டில் இரு அறுவடை எடுக்கலாம். ஐரோப்பாவிற்போல ஆண்டுக்கொரு பிறப்பு என்னும் கணக்கு அதற்கில்லை. வெப்பமும் ஒரு தடை. முதிரும் வைன் 12 அல்லது 13 பாகை வெப்பநிலையில் இருளிற் கிடக்க விரும்பும். யாழ்ப்பாணத்து ஓட்டுக்கூரையின் கீழ் 30 பாகையில் ஒரு கோடை கிடந்தாலே அவிந்த பழத்தின் சுவை ஏறிவிடும்.

மகள் இதனை அறிந்திருந்தாள். போத்தல்களை முதல்நாளே குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் நிமிர்த்தி வைத்திருந்தாள், மண்டி அடியில் தங்குவதற்காக. தக்கைகள் இரண்டும் உதிர்ந்தே வந்தன. மெழுகுதிரி ஒளிக்கெதிரே கழுத்தைப் பிடித்து, மண்டி எட்டிப்பார்க்கும்வரை மெல்ல வடித்தாள். போர்தோ வைன் தேயிலைச் சாயத்தின் நிறமாய் இருந்தது. முதல் வாயில் ஏதோ உலர்ந்த இலையின் மணம். பத்து நிமிடத்தில் அதுவும் போய்ப் புளிப்பே எஞ்சிற்று. எவரும் அதனை முடிக்கவில்லை. போர்ட்டோ, வத்தலும் கராம்பும் கலந்தாற்போல மணந்து, நெடுநேரம் நாவில் நின்றது. நானும் அருமை என்று சொல்லி மறுபடியும் குவளையை நீட்டினேன் என்பதனை மறைக்கவில்லை.

நண்பர் அதிகம் பேசவில்லை. அவர் பிறந்த வீடு வலிகாமம் வடக்கில் இருந்தது. 1990 இல் அங்கிருந்து இடம்பெயர்ந்தார். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது மறுபடியும் இடம்பெயர்ந்தார். காணி திரும்பக் கிடைத்தபோது அத்திவாரமும் கிணறும் இருந்தன. தந்தையார் நட்ட பனைகள் பதுங்குகுழிகளுக்கு மரமாய்ப் போயிருந்தன. சாதகக் குறிப்பும் குழந்தைப் பருவத்து நிழற்படமும் இல்லை. பிறப்புச் சான்றிதழ்கூடப் பின்னாளில் எடுத்த பிரதியே.

தமக்கையாருக்கு ஒரு தேக்கரண்டி அளவு கொடுத்தோம். நாவில் வைத்துச் சிறிது யோசித்து, "பனங்கட்டிப் பாணி மாதிரிக் கிடக்கு" என்றார். பின்னர் வெறும் போத்தலைக் கழுவ எடுத்தார். நண்பர் அதனை வாங்கி, ஆண்டு எழுதிய சீட்டு நனையாதபடி துணியால் துடைத்து, சுவாமிப் படங்கள் இல்லாத மற்றச் சுவரின் தட்டிலே வைத்தார்.