பணம் போன முதல் ஒரு மணி நேரம்

2018 பிப்ரவரி 6 அன்று, கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் ஒரு பிரிண்டர் நின்றுபோனது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்போடு இணைந்த பிரிண்டர் அது. அனுப்பிய ஒவ்வொரு தொகைக்கும் ஒப்புகை அதில்தான் அச்சாகி வரும். பிரிண்டர் மக்கர் செய்வது எந்த ஆபீசிலும் பெரிய சேதி இல்லை. ஆனால் இதை நிறுத்தியவர்கள் வங்கியின் கணினிக்குள் நுழைந்திருந்த திருடர்கள். ஒப்புகை வராத அந்த மாலையில் மூன்று உத்தரவுகள் வெளியே போயின: நியூயார்க் வழியாக துபாய்க்கு 5 லட்சம் டாலர், ஃபிராங்க்ஃபர்ட் வழியாக துருக்கிக்கு 3 லட்சம் யூரோ, மறுபடி நியூயார்க் வழியாக சீனாவுக்கு 10 லட்சம் டாலர்.

மறுநாள் வழக்கம்போல் முந்தைய நாள் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தபோது மூன்று தொகைகள் இடித்தன. உடனே வெளிநாட்டு வங்கிகளுக்குத் தகவல் போனது. துபாய்த் தொகை அப்படியே தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. மற்ற இரண்டுக்காக நம் தூதரக அதிகாரிகள்வரை போக வேண்டியிருந்தது.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு வங்கதேச மத்திய வங்கியிலும் பிரிண்டர்தான் முதலில் படுத்தது. டாக்காவில் வெள்ளிக்கிழமை விடுமுறை, நியூயார்க்கில் சனி ஞாயிறு விடுமுறை, மணிலாவில் திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. திருடர்கள் நாள்காட்டி பார்த்தே தேதி குறித்திருக்கிறார்கள். எல்லோரும் விழித்துக்கொள்வதற்குள் 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸில் கரைந்துவிட்டது. இலங்கைக்குப் போக வேண்டிய 2 கோடி டாலர் மட்டும் தப்பியது. பெறுபவர் பெயரில் இருந்த எழுத்துப்பிழையைப் பார்த்து இடையில் இருந்த வங்கி ஒன்று சந்தேகம் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

திருடன் உள்ளே வருவதை முழுதாகத் தடுக்க மத்திய வங்கியாலேயே முடியவில்லை என்றால், பத்துப் பேர் வேலை செய்யும் கம்பெனியால் முடியுமா? முடியாது என்றே வைத்துக்கொள்வோம். வந்தது எப்போது தெரிகிறது, தெரிந்ததும் யார் யாருக்குப் போன் செய்கிறார்கள் என்பது நம் கையில் இருக்கிறது. நம் நாட்டுச் சட்டங்கள் இந்த விஷயத்தில் தரும் உரிமைகளில் முக்கியமானவையும் மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

திருப்பூரிலோ கரூரிலோ உள்ள ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் ஸ்விஃப்ட் பிரிண்டர் இருக்காது. ஒரு மெயில் ஐடி இருக்கும். அதன் பாஸ்வேர்டு முதலாளிக்குத் தெரியும், அக்கவுண்டன்டுக்குத் தெரியும், மெர்ச்சன்டைசருக்குத் தெரியும், போன வருஷம் வேலையை விட்டுப் போனவருக்கும் தெரியும். போலி லாகின் பக்கம் ஒன்றில் யாரோ ஒருவர் அதைத் தட்டச்சு செய்தால் போதும்.

உள்ளே வந்தவன் அவசரப்படமாட்டான். வாரக்கணக்கில் கடிதங்களைப் படிப்பான். பில், பேமெண்ட் போன்ற சொற்கள் உள்ள மெயில்களின் நகல் ஒன்று தனக்கும் வருமாறு செட்டிங்கில் ஒரு விதியைப் போட்டுவைப்பான். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி அப்படியே இருக்கும், அதைத் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு. சரக்கு கப்பல் ஏறியதும் வெளிநாட்டு பையருக்கு ஒரு மெயில் போகும்: எங்கள் வங்கிக் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்த முறை கீழ்க்காணும் கணக்கில் செலுத்தவும். லெட்டர்ஹெட் உங்களுடையது, நலம் விசாரிக்கும் தோரணையும் உங்களுடையது. முகவரியில் மட்டும் ஆங்கில 'எம்' இருந்த இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நிற்கும். கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் தெரியாது. பையர் நல்லெண்ணத்தோடு பணம் போடுவார். கெடு தாண்டியதும் நீங்கள் "இன்னும் வரவில்லையே" என்பீர்கள், அவர் "போட்டுவிட்டோமே" என்பார்.

அந்த நஷ்டம் யாருடையது? உங்கள் மெயிலில்தான் ஓட்டை என்று பையர் சொல்வார். சரிபார்க்காமல் போட்டது அவர்தான் என்று நீங்கள் சொல்வீர்கள். வெளிநாட்டு நீதிமன்றத்தில் இதைப் பேசித் தீர்க்கும் வசதி நம்மில் பலருக்கு இல்லை. அதனால் ஆர்டர் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: வங்கிக் கணக்கு மாற்றம் மெயிலில் மட்டும் வந்தால் செல்லாது, ஏற்கெனவே தெரிந்த எண்ணில் பேசி உறுதி செய்த பிறகே செல்லும். நீங்கள் நூலுக்கும் சாயத்துக்கும் பணம் கட்டும்போதும் இதே விதிதான். புதிய மெயிலில் உள்ள எண்ணுக்குப் போன் செய்தால் திருடனே எடுத்து "ஆமாம் சார், சரிதான்" என்பான். பழைய ஃபைலில் உள்ள எண்ணைத் தேடுங்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்ததும் முதல் போன் தேசிய சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு. இதே புகாரை சைபர்கிரைம்.கவ்.இன் தளத்திலும் பதியலாம். பரிமாற்ற எண், தேதி, நேரம், தொகை, போய்ச் சேர்ந்த கணக்கு ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். புகார் எந்தெந்த வங்கிக்குப் போக வேண்டுமோ அங்கெல்லாம் நேரடியாகப் போகும், பணம் நகராமல் அந்த அளவுக்குப் பிடித்து வைப்பார்கள். திருட்டுப் பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. பத்துப் பதினைந்து பேர் கணக்குகளில் பிரிந்து, ஏடிஎம்மில் நோட்டாகவோ கிரிப்டோவாகவோ மாறிவிடும். மாலையில் ஆடிட்டரைக் கேட்டுவிட்டு நாளைக்குப் புகார் கொடுக்கலாம் என்பவருக்குப் பெரும்பாலும் ரசீது எண் மட்டும்தான் மிஞ்சும். வெளிநாட்டுக்குப் போன தொகையென்றால் உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் உடனே ரீகால் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது வங்கியோடு உள்ள வழக்கு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதியின்படி, உங்கள் தவறும் இல்லாமல் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாமவர் உங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால், தகவல் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு நஷ்டமே இல்லை. 4 முதல் 7 வேலை நாள்களுக்குள் என்றால் சிறுதொழில் நடப்புக் கணக்குக்கு உங்கள் தலையில் விழுவது அதிகபட்சம் 10,000 ரூபாய். புகார் வந்த 10 வேலை நாள்களுக்குள் வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் காட்ட வேண்டும். வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியுடையது. கவுண்டரில் இருப்பவர் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஆனால் ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் புகார் செய்யும் நிமிடம்வரை போன பணத்தின் நஷ்டம் உங்களுடையதுதான், அதற்குப் பிறகு போனால் வங்கியுடையது. போலி மெயிலை நம்பி நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பிய தொகைக்கு இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது. சிறுதொழில்களைக் கவிழ்க்கும் மோசடிக்கே விதியில் இடமில்லாமல் போனது என் பார்வையில் பெரிய குறை.

வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டாலோ மறுத்தாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. பலருக்குத் தெரியாத இன்னொரு கதவும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி மாநில அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கலாம். தூத்துக்குடிக் கிளையில் கணக்கு வைத்திருந்த வளைகுடாவாழ் தமிழர் ஒருவர் போலி மெயிலில் பணத்தை இழந்தார். அவருக்கு 12 லட்சத்துக்கும் மேல் கொடுக்கும்படி ஒரு தனியார் வங்கிக்கு 2010இல் சென்னையில் உத்தரவு போட்டது இந்த அதிகாரம்தான்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தொல்லை இருக்கிறது. நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை, சரக்கு விற்றதற்கு யாரோ யுபிஐயில் பணம் போட்டார். அது எங்கோ திருடிய பணம். வேறு மாநிலப் போலீஸ் கடிதம் எழுத, உங்கள் கணக்கு முழுவதும் முடங்கிவிடும், சம்பளம் போட முடியாது. எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். பில்லையும் டெலிவரி சலானையும் அந்த அதிகாரிக்கு அனுப்புங்கள். தொகை எவ்வளவு என்று சொல்லாமல் கணக்கு முழுவதையும் முடக்குவதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் ஏற்கவில்லை. சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டு மீதியை விடும்படி கேட்பது நியாயமான கோரிக்கை.

பணத்தைத் திருடாமல் கோப்புகளைப் பூட்டிவிட்டுச் சாவிக்கு விலை கேட்கும் ரான்சம்வேர் வேறு ரகம். இங்கிலாந்தில் 158 ஆண்டு பழமையான கேஎன்பி என்ற லாரி நிறுவனம் 2023இல் இப்படி மாட்டிக்கொண்டு சில மாதங்களில் மூடப்பட்டது. சுமார் 700 பேரின் வேலை போனது. ஊழியர் ஒருவரின் பாஸ்வேர்டை ஊகித்தே உள்ளே வந்ததாகப் பிபிசி சொன்னது.

அதைவிட எனக்குப் பிடித்த கதை மார்ஸ்க்குடையது. 2017 ஜூனில் உக்ரைனின் கணக்கு மென்பொருள் ஒன்றின் அப்டேட் வழியாகப் பரவிய நாட்பெட்யா என்ற வைரஸ், உலகின் அந்தப் பெரிய கப்பல் நிறுவனத்தைப் படுக்க வைத்தது. மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்தும் முனையமும் நின்றது. எந்த ஊழியர் எந்தக் கணினியில் நுழையலாம் என்ற மையப் பதிவேடு உலகம் முழுக்க அழிந்துவிட, கானாவில் ஒரே ஒரு பிரதி தப்பியிருந்தது. காரணம் பவர்கட். வைரஸ் வந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை! அந்த ஒரு பிரதியை வைத்துக்கொண்டு 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் மறுபடி நிறுவினார்கள்.

நம் ஊரில் டேலி பேக்கப் எடுக்கும் ஹார்ட் டிஸ்க் நாள் முழுக்கக் கணினியிலேயே செருகியிருக்கும். கணினி பூட்டப்பட்டால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். எடுத்து முடித்ததும் பிடுங்கி பீரோவில் வையுங்கள், இன்னொன்றை வேறு இடத்தில் வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை வேறு கணினியில் அதைத் திறந்து, நேற்றைய பில் தெரிகிறதா என்று பாருங்கள். திறந்தே பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் எடுப்பதில்லை.

பூட்டு விழுந்துவிட்டால் நெட் கேபிளையும் வைஃபையையும் துண்டியுங்கள். மிரட்டல் வாசகத்தைப் போனில் படம் எடுங்கள். ஃபார்மேட் செய்யத் துடிக்கும் கம்ப்யூட்டர்காரரைக் கொஞ்சம் நிறுத்துங்கள், தடயமும் சில நேரம் மீட்கும் வழியும் அதில்தான் இருக்கும். சில பழைய பூட்டுகளுக்கு நோ மோர் ரான்சம் என்ற தளத்தில் இலவசச் சாவி கிடைக்கிறது. சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு, அது சிறு நிறுவனங்களுக்கும் பொருந்தும். பணம் கொடுப்பதா? கொடுத்தவனைக் கொடுக்கக்கூடியவன் என்று அவர்கள் குறித்துக்கொள்வார்கள். நார்வேயின் நார்ஸ்க் ஹைட்ரோ 2019இல் கொடுக்க மறுத்தது. கணினியை நெட்வொர்க்கில் இணைக்காதீர்கள் என்று வாசலில் தாள் ஒட்டினார்கள், கையால் இயந்திரங்களை ஓட்டினார்கள், பழைய முறை தெரிந்த ஓய்வுபெற்றவர்களும் உதவிக்கு வந்தார்கள். உங்கள் கம்பெனியில் ஒரு வாரம் பில் புத்தகத்தில் கையால் எழுதித் தள்ள முடியுமா என்று இப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, எப்போதும் மாட்டிக்கொள்ளும் அக்கவுண்டன்ட். லிங்க்கை அழுத்தியது அவர்தான், சம்பளத்தில் பிடித்துவிடுவேன் என்பது முதலாளியின் முதல் வாய்ச்சொல். இதைக் கேட்டுப் பழகிய ஊழியர், தப்பு நடந்ததும் வாயைத் திறக்கமாட்டார். தானே சரிசெய்துவிடலாம் என்று இரண்டு நாள் மறைப்பார், 1930க்கு உரிய அந்த ஒரு மணி நேரம் அங்கேதான் போகிறது. சட்டமும் முதலாளி நினைப்பதுபோல் இல்லை. ஊழியரின் கவனக்குறைவால் நேரடியாக ஏற்பட்ட இழப்பு என்றாலும், விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புக் கொடுக்காமல் கூலியில் பிடிக்கக்கூடாது, இழப்பைவிட அதிகமாகவும் பிடிக்கக்கூடாது. பழைய ஊதிய வழங்கல் சட்டத்தில் இருந்த இந்த விதி 2019இன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆளுக்கொரு பாஸ்வேர்டு, பெரிய தொகைக்கு இரண்டாவது ஆளின் ஒப்புதல் என்று எதையும் ஏற்பாடு செய்யாத முதலாளிக்கு, அந்த விளக்கக் கடிதத்தில் பதில் சொல்ல முடியாத கேள்விகள் வரும்.