கிரயத்துக்கு வரும் செட்டிநாட்டு வீடு

காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீண்டு கிடக்கும் நகரத்தார் வீடுகள், என்றேனும் ஒருநாள் அந்நியருக்குக் கிரயம் செய்யலாம் என்ற எண்ணத்தோடு எழுப்பப்பட்டவை அல்ல. ஒரு குடும்பத்தின் விவாகங்களையும் விருந்துகளையும் வம்ச விருத்தியையும் முன்கூட்டியே மனத்தில் நிறுத்தி அளந்து கட்டப்பட்டவை. முகப்பைக் கடந்தால் வளவு; அதன் இரு மருங்கிலும், விவாகமான புதல்வர்களுக்கென ஒதுக்கிய அறைகள், உறங்குவதற்கு என்பதைவிடச் சீர்ப்பண்டங்களைப் பூட்டி வைப்பதற்கு. மழை அருகிய பிரதேசமாதலால் ஓட்டுக்கூரைகள் உள்வாசலை நோக்கிச் சரிந்து, விழும் நீரை அண்டாக்களில் பிடித்துக்கொள்ள வசதி செய்து தருகின்றன.

பர்மாத் தேக்குத் தூண்களைக் கண்டு பிரமிக்கும் யாத்திரிகர்கள், பக்கத்திலேயே நிற்கும் சுவரை ஏறிட்டும் பார்ப்பதில்லை. வீட்டின் மேலான வித்தையோ, என் அபிப்பிராயத்தில், அந்தச் சுவரில்தான் இருக்கிறது. கிளிஞ்சலைச் சூளையிலிட்டுச் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். எஞ்சியதை நீர் தெளித்து நீற்றி, மணல் கூட்டி அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துப் படலம் படலமாகப் பூசுவார்கள். மேற்படலத்துக்கு மட்டும், மாவாய் அரைத்துச் சலித்த சுண்ணாம்பில் முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து பூசி, ஈரம் போவதற்குள் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். சூளையில் இழந்த வாயுவைக் காற்றிலிருந்து சிறிது சிறிதாக உட்கொண்டு அந்தப் பூச்சு மறுபடியும் கல்லாகிவிடுகிறது. அதன்பின் வருஷந்தோறும் வெள்ளையடிக்கும் தொல்லை இல்லை. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது, இத்தகைய மாளிகைகளை எழுப்பிய, நகரத்தார் அங்கே நடத்திவந்த லேவாதேவித் தொழிலின் ஆதாரமே ஆட்டங்கண்டது. செல்வம் சுருங்கிற்று; பங்காளிகளோ தலைமுறைக்குத் தலைமுறை பெருகினார்கள். ஒருவர் சென்னையிலும் மற்றொருவர் மலேசியாவிலுமாகச் சிதறியிருக்க, அத்தனை பேரும் ஒருமனப்பட்டுக் கையொப்பமிட்டாலன்றி வீடு கைமாறாது. மனம் ஒத்த இடத்திலும், ஐம்பது பேர் வாழ அமைத்த வீட்டில் குடியேற எந்தச் சிறு குடும்பம் துணியும்? ஆகவே வீடு முழு வீடாக விலைபோவதில்லை; தூணாகவும், நிலைக்கதவாகவும், நிலைக்கண்ணாடியாகவும் பிரிந்து காரைக்குடியின் பழம்பொருள் கடைகளை அடைந்து, அங்கிருந்து எங்கெங்கோ உள்ள விடுதிகளுக்குப் போய்ச் சேருகிறது. செங்கல்லோடு ஒன்றிப்போன பூச்சை மட்டும் அவ்வாறு கழற்றி எடுக்க இயலாது. தேக்கைக் கன அடிக் கணக்கில் விலை பேசும் வியாபாரி, சுவரை இடிகூலி என்று தன் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்கிறான்.