வளவுப் பனையைப் பேணுதல்

திருகோணமலைத் துறைமுகத்தின் வடக்கே உப்புவெளி, நிலாவெளி முதலிய கரையோரக் கிராமங்களின் மணற்பாங்கான வளவுகளிற் பனை செழித்து வளர்கின்றது. கச்சான் காற்று வீசும் கோடையில் கத்தரியும் மிளகாயும் நீரின்றி வாடும்போதும் பனை பசுமை மாறாது நிற்கும். ஆதலால் இம்மரத்திற்குப் பராமரிப்பே வேண்டியதில்லை எனக் கமக்காரர் பலர் எண்ணுவர். ஆயின் வறட்சியைத் தாங்கும் பனை, முறையற்ற வெட்டைத் தாங்குவதில்லை.

மரத்தின் இயல்பு

முருங்கையின் கிளையை வெட்டினால் பக்கத்திற் புதிய தளிர்கள் தோன்றும். பனைக்கு வளரும் முனை ஒன்றே. அது உச்சியிற் குருத்தின் அடியில் உள்ளது. அம்முனை அழிந்தால் மரமும் மடியும். தண்டில் உண்டாகும் காயமும் பட்டை வளர்ந்து மூடப்படுவதில்லை. எனவே ஏறுவதற்குப் படி வெட்டுதலும், வேலிக்கம்பி கட்ட ஆணி அறைதலும் தகா.

வெட்டத்தக்க ஓலை

வளர்ந்த பனையின் முடியில் 30 முதல் 40 வரையான ஓலைகள் இருக்கும். பச்சை ஓலையிலேயே மரம் தன் உணவை ஆக்குகின்றது. புதிய ஓலை ஏறத்தாழ மாதத்திற்கு ஒன்றே விரியும். தோட்ட வேலிக்காக ஒரே நாளில் 20 ஓலைகளை வெட்டினால், அவ்விழப்பை ஈடுசெய்ய மரத்திற்கு ஒன்றரை ஆண்டுக்கு மேற் செல்லும். ஆண்டுதோறும் இவ்வாறு வெட்டப்படும் மரத்தின் முடி சிறுத்து, நுங்கும் பழமும் குறையும்.

காவோலையையும், மஞ்சளித்துக் கீழே தொங்கும் ஓலையையும் நீக்கலாம். வேலிக்குப் பச்சோலை வேண்டின், பல மரங்களின் கீழ்வரிசையிலிருந்து சிலவாகப் பகிர்ந்து எடுத்தல் நன்று. நிமிர்ந்து நிற்கும் ஓலைகளையும் குருத்தையும் தொடலாகாது. 1964ஆம் ஆண்டு டிசம்பரில் இப்பகுதியைத் தாக்கியது போன்ற சூறாவளிக்கு அஞ்சி முடி முழுவதையும் கழித்தலும் தவறு. காய்ந்து தளர்ந்த ஓலைகளையும் மட்டைகளையும் அகற்றினாற் போதும். வேலியிலிருந்து கழிக்கும் பழைய ஓலையை மண்ணிற் புதைத்தால் மரக்கறிப் பாத்திக்குப் பசளையாகும்.

வெட்டும் முறை

வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன், ஆவணி, புரட்டாதி மாதங்களில் வெட்டினால் வெட்டுவாய் விரைவில் உலரும். கூரிய கத்தியால், தண்டிலிருந்து ஒரு சாண் அளவு மட்டையை விட்டு வெட்டுக. எஞ்சிய அடிமட்டை காய்ந்து தானே கழலும். அதனை இழுத்துப் பிடுங்கினால் தண்டிற் காயமுண்டாகும். மட்டையின் கருக்கு கையைக் கிழிக்குமாதலின் அவதானம் வேண்டும்.

வண்டுகள்

புதுக்காயத்தின் மணத்தை நாடிச் செவ்வண்டு வந்து முட்டையிடும். அதன் புழு தண்டின் உட்பகுதியைக் குடைந்துண்ணும். காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைக்கும். பின்னர் விரியும் ஓலை கத்தரித்தாற்போல் தோன்றும். இவ்வண்டு எருக்குவியலிலும் உக்கிய மரக்குற்றியிலும் பெருகும். ஆகவே எருவை அடிக்கடி கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழித்தலும், பட்ட மரத்தை வளவில் விடாது அகற்றுதலும் வேண்டும்.

வடலியைக் காத்தல்

பனை பூக்கப் பொதுவாக 12 ஆண்டுகளுக்கு மேலாகும். அதற்குமுன் ஆண், பெண் அறிதல் அரிது. ஆதலின் இடையூறெனக் கருதி வெட்டப்படும் வடலி, பலன் தரவிருந்த பெண் பனையாகவும் இருக்கலாம். வளர்ந்த பெண் பனையை வெட்டுவதற்கு 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதி பெறுதல் வேண்டும். ஒருநாள் வெட்டினால் இழந்த மரத்தை மீண்டும் பெற ஒரு தலைமுறை செல்லும் என்பதைக் கமக்காரர் மனத்திற் கொள்வாராக.