கியர் பாக்ஸை இறக்குறதுக்கு முன்னாடி ஒரு ஸ்கேலை எடுங்க

போன எபிசோட் கேட்டவங்களுக்கு நம்ம வண்டியைத் தெரியும். பழைய மாருதி 800-ஓட எஞ்சினையும் கியர் பாக்ஸையும், நாங்களே பைப் வெல்டிங் பண்ணின சேஸிஸ்ல டிரைவருக்குப் பின்னாடி வச்சிருக்கோம். ஐடியா ஒண்ணும் புதுசில்ல. கோயம்புத்தூர் கரிவரதன் 1988-லயே இந்த எஞ்சினை வச்சு ஃபார்முலா மாருதி ரேஸ் காரைக் கொண்டுவந்துட்டார். செட்டிபாளையத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேர்லதான்.

இப்போ பிரச்சினைக்கு வருவோம். எஞ்சின் ஆஃப்ல இருக்கும்போது எல்லா கியரும் வழுக்கிக்கிட்டு விழுது. ஸ்டார்ட் பண்ணிட்டா ஃபர்ஸ்ட் முரண்டு பிடிக்குது. கிளட்சை மிதிச்சு அஞ்சு செகண்ட் காத்திருந்து ரிவர்ஸ் போட்டாலும் 'கர்ர்ர்'னு பல் கடிக்குது. ரிவர்ஸ்ல சிங்க்ரோ கிடையாது, அதனால பொய் சொல்லாத சாட்சி அதுதான். மிதிச்ச பிறகும் கிளட்ச் முழுசா விடலைன்னு அர்த்தம். இதை ஸ்லிப்போட குழப்பிக்காதீங்க. ஸ்லிப்னா எஞ்சின் அலறும், வண்டி வேகம் ஏறாது. இது நேர் எதிர்.

நெல்லித்தோப்பு பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் சத்தத்தைக் கேட்டதுமே, "தம்பி, செட்டையே மாத்திடு"ன்னார். பிரஷர் பிளேட், டிஸ்க், ரிலீஸ் பேரிங் மூணும் சேர்ந்ததுதான் செட். கம்பெனி வண்டியா இருந்தா நானும் தலையாட்டியிருப்பேன். அங்க கேபிள் போற வழி தொழிற்சாலையிலயே முடிவானது. நம்ம வண்டியில அந்த வழியே நாம போட்டது. அதுமட்டுமில்ல, செட் மாத்தணும்னா கியர் பாக்ஸை இறக்கணும். ஒரு சனி, ஞாயிறு முழுசா காலி, செலவு தனி.

நம்ம வேலையில பக் தேடும்போது என்ன பண்ணுவோம்? பாதியில வெட்டிப் பார்ப்போம். கிளட்சும் ஒரு சங்கிலிதான்: பெடல், கேபிள், ரிலீஸ் ஆர்ம், பேரிங், பிரஷர் பிளேட், டிஸ்க். ரிலீஸ் ஆர்ம் வரைக்கும் வெளியில கண்ணுக்குத் தெரியும். அதுக்கப்புறம் எல்லாம் ஹவுசிங் உள்ள. அதனால ஆர்ம்லதான் வெட்டணும்.

ஃப்ரெண்டு பெடலை மிதிச்சான், நான் ஸ்கேலை வச்சு அளந்தேன். பெடல் பக்கம் கேபிள் 26 மி.மீ. இழுபடுது. ஆர்ம் பக்கம் வந்து சேர்றது 17 மி.மீ. நடுவுல 9 மி.மீ. காணோம். உள்ள இருக்கிற பிளேட் மேல பழி போட இன்னும் காரணமே இல்ல.

எங்க போச்சு? சைக்கிள் பிரேக் கேபிளை நினைச்சுக்கோங்க. உள்ள இருக்கிற கம்பி இழுக்கும், வெளியில இருக்கிற உறை அதே பலத்தோட எதிர்ப்பக்கம் தள்ளும். உறை அசையாம நின்னாதான் கம்பியோட இழுப்பு முழுசா போய்ச் சேரும். திரும்ப மிதிக்கச் சொல்லி டார்ச் அடிச்சுப் பார்த்தா, பின்னாடி உறையைப் பிடிச்சிருக்கிற 2 மி.மீ. தகடு பிராக்கெட் ஒவ்வொரு மிதிக்கும் தலை வணங்குது! போதாக்குறைக்கு, கேபிள் டேங்க் பக்கம் பாம்பு மாதிரி ரெண்டு தடவை நெளிஞ்சு போகுது. மிதிக்கும்போது அந்த நெளிவு நிமிரப் பார்க்குது. அதுலயும் கொஞ்சம் போகுது. இழுப்பு மொத்தமும் கம்பி நீளுறதுக்கும் தகடு வளையறதுக்கும் செலவானா, ஆர்முக்கு என்ன மிச்சம்?

இங்க எல்லாருக்கும் ஒரு ஆசை வரும்: அட்ஜஸ்டரை முறுக்கி டைட் பண்ணிட்டா சரியாயிடுமேன்னு. கியர் விழும், உண்மைதான். ஆனா பெடலோட ஃப்ரீ பிளே போயிடும். காலை எடுத்த பிறகும் ரிலீஸ் பேரிங் அழுந்திக்கிட்டே சுத்தும், சீக்கிரம் தேயும், பிளேட்டும் ஸ்லிப் ஆக ஆரம்பிக்கும். அப்போ நிஜமாவே செட் மாத்தணும்.

பிராக்கெட்டுக்கு முக்கோணத் தகடு ஒண்ணு வெல்ட் பண்ணினோம். கேபிளை டேங்குக்கு அந்தப் பக்கமா பெரிய வளைவுல கொண்டுபோனோம். நம்ம ஊர் ஆட்டோவைக் குனிஞ்சு பாருங்க: ஹேண்டில்ல இருக்கிற கிளட்ச்லேருந்து பின்னாடி எஞ்சின் வரைக்கும் கேபிள் எவ்வளவு சாவகாசமா போகுதுன்னு. இப்போ ஆர்ம் பக்கம் 24 மி.மீ. வருது. ரிவர்ஸ் சத்தமில்லாம விழுது.

பாண்டிக்காரங்களுக்கு ஒண்ணு. மழைக்காலத்துல ரெண்டு மாசம் நிறுத்தி வச்ச வண்டின்னா, டிஸ்க் துருப்பிடிச்சு ஃப்ளைவீல்லயே ஒட்டிக்கிறதும் உண்டு. அப்போ ஆர்ம் முழுசா அசையும், கிளட்ச் மட்டும் விடாது. ஸ்கேல் அதையும் காட்டிக் கொடுத்துடும்.

இந்த வண்டி ரோட்டுக்கு வராது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுல இதுக்கெல்லாம் இடமில்ல. சேதராப்பட்டு ஷெட் காம்பவுண்டுக்குள்ளதான் ஓட்டம். பெடல் இன்னும் கொஞ்சம் கனமாத்தான் இருக்கு. ஹைட்ராலிக்குக்கு மாறலாமாங்கிறதை அடுத்த எபிசோட்ல பேசுவோம்.