மீன் குறியும் ஹீராஸ் பாதிரியாரும்

சிந்துவெளி முத்திரைகளில் திரும்பத் திரும்ப வரும் மீன் குறியைத் திராவிட மொழிச் சொல்லாகப் படித்துக் காட்டிய முன்னோடி ஹென்றி ஹீராஸ், 1888ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாவில் பிறந்து, கத்தோலிக்கத் துறவற அமைப்புகளுள் கல்விப்பணிக்குப் பெயர்பெற்ற இயேசு சபையில் சேர்ந்து, 1922இல் பம்பாய் வந்து புனித சவேரியார் கல்லூரியில் வரலாறு கற்பித்தார். அங்கேயே 1926இல் இந்திய வரலாற்று ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கி, கல்வெட்டு, செப்பேடு, நாணயம் ஆகிய மூலச் சான்றுகளை நேரில் ஆராய்வதற்கு மாணவர்களைப் பழக்கினார். வரலாறு எழுதும் முறை பற்றி அவர்களுக்கென ஒரு கைந்நூலும் எழுதினார்.

1927இல் வெளியான அவரது விஜயநகர ஆரவீடு மரபு பற்றிய நூல், தலைக்கோட்டைப் போருக்குப் (1565) பின் பெனுகொண்டா, சந்திரகிரி எனத் தலைநகர் மாற்றிக்கொண்டே ஆண்ட அரசர்களையும், அவர்களுக்கு அடங்கியும் அடங்காமலும் இருந்த மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்களையும் விரிவாகப் பேசுகிறது. கொடை பெற்ற கோயிலையும் ஆண்டையும் கல்வெட்டு சொல்லிவிடும், அரசவைப் பூசலைச் சொல்லாது. அந்தக் குறையை இயேசு சபையார் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்களால் அவர் நிரப்பினார். அக்கடிதங்களுக்கும் சமயச் சார்பு உண்டு என்பது வேறு.

சிந்துவெளி ஆய்வில் அவர் கையாண்டது, வரைந்த பொருளின் பெயரொலியைக் கொண்டு அதே ஒலியுடைய வேறொரு பொருளைச் சுட்டும் முறையாகும். நீரில் வாழும் மீனும் வானத்து மீனும் தமிழில் ஒரே சொல்லாதலால், மீன் உருவம் விண்மீனைக் குறிக்கலாம். அதனோடு ஆறு கோடுகள் சேர்ந்தால் கார்த்திகையாகிய அறுமீன், ஏழு சேர்ந்தால் எழுமீன் என்னும் சப்தரிஷி மண்டலம். இவ்வளவோடு நின்றிருந்தால் குறை சொல்ல இடமிராது. சான்றின் கண்டிப்பைக் கற்பித்த அவரே, 1953இல் வெளியிட்ட பெருநூலில் முத்திரைகளை முழுமுழு வாசகங்களாகப் படித்துக்கொண்டு போனதைப் பின்வந்த அறிஞர்கள் ஏற்கவில்லை. ஆனால் மீன் குறி விளக்கத்தைப் பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலா எடுத்து வளர்த்தார்.

இந்தியக் குடியுரிமை பெற்று, 1955 டிசம்பர் 14 அன்று பம்பாயிலேயே மறைந்த ஹீராஸின் பெயரை அவர் தொடங்கிய நிறுவனம் இன்று தாங்கியுள்ளது. 1981இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. அவர் படிக்க முயன்ற எழுத்துகளைப் புரிந்துகொள்ள வழி காண்போருக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசளிப்பதாக 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது.