மத்தியான வெயிலுக்கு வேலை கொடுப்போம்!

தென்காசி, குற்றாலம் பக்கம் மாலை நேரத்தில் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்பதால், சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் மறைந்துவிடும். மாடியில் சூரிய மின் தகடு வைத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கு இது முக்கியமான விஷயம். வெயில் போனால் அந்த மின்சாரமும் போய்விடுமே!

மாடியில் ஒரு மின் நிலையம்

வீட்டுக் கூரைகளில் சூரிய மின்சாரம் தயாரிக்க, 'பி.எம். சூர்யா கர்' என்ற திட்டத்தை மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள் என்பது இதன் இலக்கு. ஒரு கிலோவாட் தகடு நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் 12 யூனிட்!

ஆனால், இதில் பெரும் பகுதி கிடைப்பது காலை 10 மணி முதல் மாலை 3 மணிக்குள். அப்போது நீங்கள் பள்ளியில், பெற்றோர் வேலையில். மிஞ்சும் மின்சாரம் தெருக் கம்பி வழியாக மற்ற வீடுகளுக்குப் போகும். ஒரு வீட்டில் தகடு இருந்தால் சிக்கல் இல்லை. தெரு முழுவதும் வந்துவிட்டால்? செலவழிக்க ஆளில்லாமல் கம்பியில் மின்னழுத்தம் உயரும். அளவைத் தாண்டினால், தகட்டோடு இணைந்த இன்வெர்ட்டர் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். வெயில் இருந்தும் வீண்!

வாத்து வந்த கதை

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இந்தச் சிக்கலை 2013ம் ஆண்டு வரைபடமாக வரைந்து காட்டினார்கள். சூரிய மின்சாரம் போக மீதி எவ்வளவு தேவை என்பதே அந்தக் கோடு. பகலில் வயிறு போலத் தொங்கி, மாலையில் கழுத்து போல நிமிர்ந்தது. 'வாத்துக் கோடு' என்றே பெயர் வந்துவிட்டது! தெற்கு ஆஸ்திரேலியாவில் 2020 முதல், பகல் 10 முதல் 3 மணி வரை மின்சாரத்துக்குக் குறைந்த கட்டணம் கொண்டு வந்தார்கள். மக்கள் வீட்டு வேலைகளைப் பகலுக்கு மாற்றட்டுமே என்பதுதான் நோக்கம்.

ஆளில்லாத வீட்டில் யார் வேலை செய்வது?

இங்கேதான் ஸ்மார்ட் கருவிகள் உதவுகின்றன. தகட்டில் போதிய மின்சாரம் வந்ததும், தண்ணீர் மோட்டாரை அவை தானாகப் போடும். தொட்டி நிறைந்ததும் நிறுத்தும். மாடித் தொட்டிக்கு ஏறிய தண்ணீர், சேமித்து வைத்த வெயில்தான்! அதுபோலவே வாஷிங் மெஷினும் ஓடும். ஹீட்டரில் மத்தியானம் சுட்ட நீர், மூடிய தொட்டியில் மாலை வரை சூடாக இருக்கும்.

மணி பார்த்து மோட்டார் போடும் டைமர் போதாதா என்று கேட்பீர்கள். குற்றாலத்தில் போதாது! சீசனில் சாரல் வந்து மேகம் மூடினால், டைமருக்கு அது தெரியாது. 12 மணிக்குப் போட்டுவிடும். ஸ்மார்ட் கருவியோ தகட்டின் உற்பத்தியை அளந்து, மேகம் விலகும் வரை காத்திருக்கும். சாரல் நாளில் தகடு சோர்ந்தாலும், செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் காற்று இந்தப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும். இயற்கையின் ஏற்பாட்டைப் பார்த்தீர்களா?

நீங்களே செய்து பாருங்கள்!

ஒரு விடுமுறை நாளில் காலை 6, 10, மாலை 4, இரவு 10 மணிக்கு உங்கள் வீட்டு மீட்டர் எண்களை எழுதுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் முந்தைய எண்ணைக் கழியுங்கள். எந்த நேரத்தில் அதிகச் செலவு? அதில் எந்த வேலையைப் பகலுக்கு மாற்றலாம்? வீட்டில் எல்லோருமாகப் பேசி முடிவு செய்யுங்கள்.

ஓர் எச்சரிக்கை: மீட்டரைப் பார்க்க மட்டும் செய்யுங்கள், தொடாதீர்கள். மோட்டாரும் ஹீட்டரும் அதிக மின்சாரம் இழுப்பவை. அவற்றுக்கு ஏற்ற கருவியை எலக்ட்ரீசியன்தான் பொருத்த வேண்டும்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றார்கள் பெரியவர்கள். வெயிலுள்ளபோதே மோட்டார் போட்டுக்கொள் என்று நாமும் சேர்த்துக்கொள்ளலாம், சரிதானே?